ஊசி வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணங்கள்

2017 பிப்ரவரி 6ஆம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முடிந்த குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் போட வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி பேர். கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவிலும் அதே சமயத்தில் முகாம் நடந்தது. நான் அப்போது அன்றைய வேலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். என் பகுதியில் பாதிப்பேர் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் பீடி சுற்றுகிறவர்கள். பிள்ளைக்கு ஊசி என்றால் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிற பெண்கள்தான் எல்லோரும். அந்த மாதம் அவர்களில் பலர் வரவில்லை.

எங்களுக்கு முன்னால் வாட்ஸ்அப் வந்துவிட்டிருந்தது. இந்த ஊசி போட்டால் பிள்ளை பெற முடியாது, வெளிநாட்டில் தடை செய்த மருந்து, நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள், எந்தெந்த ஊரிலோ குழந்தைகள் இறந்துவிட்டார்கள் என்று எழுத்திலும் குரலிலும் வந்துகொண்டே இருந்தது. மாதக் கடைசியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிக்காத ஜனங்கள், அதான் நம்பிவிட்டார்கள் என்று கூட்டங்களில் சிலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. என் பகுதியில் அதிகமாக மறுத்தது ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் பெற்றோர்கள். அவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். எனவே படிப்பு காரணமில்லை. வேறு என்ன என்று வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டதில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2016 செப்டம்பரில்தான் ஜியோ இலவச டேட்டாவோடு வந்தது. பிப்ரவரியிலும் அந்த இலவசம் முடியவில்லை. அதுவரை இன்டர்நெட்டையே பார்க்காத வீடுகளில் நாள் முழுக்க வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 8ஆம் தேதி இரவு, கையில் இருக்கும் நோட்டு இனி செல்லாது என்று ஒரே அறிவிப்பில் சொன்னார்கள். புது 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்ற கதையை டிவியிலேயே காட்டினார்கள். செப்டம்பர் 22இல் மருத்துவமனைக்குப் போன முதலமைச்சர் ஜெயலலிதா 75 நாள் உள்ளே இருந்துவிட்டு டிசம்பர் 5இல் காலமானார். அத்தனை நாளில் ஒரு படம்கூட வெளியே வரவில்லை. ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்தார்கள். அயல்நாட்டு அமைப்புகள் நம் மண்ணை அழிக்கப் பார்க்கின்றன என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. கடைசி நாள் போலீஸ் அடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் முகாம் தொடங்கிய மறுநாள் இரவு ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் போய் உட்கார்ந்தார். அப்புறம் அந்த மாதம் முழுக்க அரசியலில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இந்த நிலைமையில், 'அரசாங்கம் சொல்கிறது, நம்புங்கள்' என்று சொல்லிக்கொண்டு ஒரு பெட்டியோடு நாங்கள் போய் நிற்கிறோம். "அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னே சொல்லலை. எம் புள்ளைக்கு என்ன போடுறீங்கன்னு மட்டும் சொல்லிடுவீங்களா?" என்று ஒரு டீக்கடையில் என்னைக் கேட்டார்கள். சதிக் கதைகள் அறிவுக் குறைவால் முளைப்பதில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. மூடி மறைத்த இடத்தில்தான் அவை முளைக்கின்றன. பெரிய விஷயம் ஒன்று நடந்து, அதற்கு யாரும் சரியான விளக்கம் தராவிட்டால், மனம் தானே ஒரு விளக்கத்தைக் கட்டிக்கொள்கிறது. ஒருமுறை அப்படிக் கட்டிப் பழகினால் அடுத்த விஷயத்துக்கும் அது உடனே கை கொடுக்கிறது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திண்ணையில் அந்த அக்கா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வலை மாதிரி விரிசல் விட்ட போனில் ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள். முழுவதும் கேட்டேன், நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும், "இதுல உனக்கு எது பயமா இருக்குக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் இலையை வெட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "ரூபெல்லான்னா மாசமா இருக்கறவளுக்கு வர்ற நோய், வயித்துப் புள்ளைக்குத்தான் ஆபத்துன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. அப்ப எம் பையனுக்கு எதுக்கு?"

எவ்வளவு நியாயமான கேள்வி! எங்கள் நோட்டீஸில் அதற்குப் பதிலே இல்லை. வாட்ஸ்அப்பில் இருந்தது: 'ஆண் பிள்ளைகளுக்கும் போடுவது அவர்களை மலடாக்கத்தான்.' கேள்விக்குப் பொருந்துகிற பதில் அது ஒன்றுதான் அவர் கைக்குக் கிடைத்தது. நான் சொன்னேன்: "பையனுக்கு வந்தா ரெண்டு நாள் காய்ச்சல், சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான்க்கா. ஆனா அவன் பக்கத்துல உன் நாத்தனா மாசமா இருந்தான்னு வையி, அவளுக்கு ஒட்டிக்கும். வயித்துல இருக்கறதுக்குக் கண் போகலாம், காது போகலாம், இதயத்துல ஓட்டை வரலாம். பையனுக்குப் போடறது வீட்டுக்கு வரப்போற குழந்தைக்காக." அவர் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்படி ஒவ்வொரு வதந்தியையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு உண்மையான கேள்வி இருந்தது. ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடியும் ஏன்? ஆஸ்பத்திரியை விட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏன்? எங்களைக் கேட்காமலே ஏன்? கடைசிக் கேள்வி மிகவும் வலுவானது. 2019 ஜனவரியில் டெல்லியில் இதே முகாமைத் தொடங்கப் போனபோது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. நீதிமன்றம் கேட்ட அதே கேள்வியை எங்கள் ஊர்த் தாய்மார்கள் இரண்டு வருஷம் முன்னாலேயே கேட்டார்கள். கேள்வியை ஒப்புக்கொண்டுவிட்டு, பதிலை மட்டும் மறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து 'வதந்தி' என்று தள்ளினால் கேட்டவர் தன்னையே தள்ளியதாக எடுத்துக்கொள்கிறார்.

இன்னொன்று, தாய்மார்களின் கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் யாரையும் மாற்ற முடியாது. 'இந்தச் செய்தி பொய்யாவே இருக்கட்டும். ஊசி போடலைன்னா இன்னைக்கு என்ன ஆகிடும்? ஒண்ணும் ஆகாது. ஒருவேளை உண்மையா இருந்து, நான் போட்டுட்டேன்னா?' போடாமல் வரும் ஆபத்து கண்ணில் படுவதில்லை, அது எப்போதோ வரப்போவது. போட்டு ஏதாவது ஆனால் அது என் கையால் நடந்ததாகிவிடும். பிள்ளை மேல் உயிரை வைத்திருப்பவர்கள் எச்சரிக்கை என்று நினைத்துப் போடும் கணக்கு இது. அங்கே போய் அறிவியல் பாடம் நடத்திப் பயனில்லை. போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். தட்டம்மை முற்றி நிமோனியாவில் பிள்ளையைப் பறிகொடுத்த பாட்டிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 'அம்மா போட்டிருக்கு' என்று வேப்பிலை கட்டி வைத்த வீடுகள் அவர்களுக்கு நினைவிருக்கின்றன. அவர்களில் ஒருவரைப் பேசச் சொன்னால் நாங்கள் பேசுவதைவிட நூறு மடங்கு எடுபட்டது.

ஒரு தெருவில் பெரியவர் ஒருவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "எமர்ஜென்சியிலயும் வாத்தியாரும் நர்ஸும்தான் வந்தாங்க. இத்தனை பேரைப் பிடிச்சுக் குடுக்கணும்னு அவங்களுக்குக் கணக்கு. அன்னைக்கும் நல்லதுக்குத்தான்னாங்க" என்றார். எனக்கு வாய் அடைத்துப் போனது. 1976-77இல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டாயமும் மிரட்டலும் நடந்தது ஊரறிந்த வரலாறு. 'அரசாங்கம் நம்மை மலடாக்கும்' என்பது அவருக்குக் கதை இல்லை, பார்த்த விஷயம்.

இன்னும் பக்கத்தில் பாருங்கள். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி போட்டார்கள். விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இடையில் நேர்ந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. பாகிஸ்தானில் பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, 2011இல் அபோதாபாத்தில் ஒரு டாக்டரை வைத்து மஞ்சள்காமாலை ஊசி முகாம் என்ற பெயரில் வேவு பார்த்தது. அதற்கப்புறம் அங்கே போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன எத்தனையோ பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஒரு உண்மையான சதி, நூறு பொய்ச் சதிகளுக்கு உயிர் கொடுத்துவிட்டது.

ஆகவே பெரியவரிடம் 'அதெல்லாம் பழைய கதை' என்று சொல்லவில்லை. "நீங்க சொல்றது நடந்ததுதான் ஐயா. தப்புதான்" என்றேன். அப்புறம்தான் அவர் உட்காரச் சொன்னார். பெட்டியைத் திறந்து குப்பியைக் காட்டினேன். பொடியாக இருக்கும் மருந்தில் திரவத்தைக் கலப்பது, கலந்த நேரத்தைக் குப்பி மேல் எழுதுவது, நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுவது, ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்கிற சிரிஞ்ச், எல்லாம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளில் நம் நாட்டுப் புனேயில் தயாரானது என்று இருப்பதைத் தானே படித்துப் பார்த்தார். மறைக்க எதுவும் இல்லை என்று வாயால் சொல்வதைவிட, கையில் கொடுத்துவிடுவது மேல்.

மதத்துக்கு வருகிறேன். என் பகுதியில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசம். 'அவங்க மதம் அப்படி' என்று சிலர் சுலபமாகச் சொன்னார்கள். நான் பார்த்தது வேறு. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். முதலில் கேட்டது, "இதுல பன்றி சம்பந்தப்பட்டது ஏதாவது கலக்குறாங்களா?" அது ஒரு நேர்மையான மார்க்கக் கேள்வி. மருந்து கெடாமல் இருக்க ஜெலட்டின் சேர்ப்பார்கள் என்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்றார். "ஹஜ்ஜுக்குப் போறப்ப மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாத்தான் விசாவே. நானே போட்டுக்கிட்டுத்தான் போனேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை ஜும்மா பயானில் அதையே பேசினார். அடுத்த வாரம் அந்தத் தெருக்களில் எனக்கு வேலை பாதியாகிவிட்டது. பின்னால் 2018இல் இந்தோனேசியாவின் உலமா சபையும் இதே ஊசி பற்றி இதே வழியில்தான் முடிவு சொன்னது: மருந்தில் பன்றி சார்ந்த பொருள் இருக்கிறது, ஆனாலும் மாற்று இல்லாத நிர்ப்பந்தத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து பற்றி இதே மலட்டுக் கதை ஓடியபோதும், பள்ளிவாசல்களிலிருந்து போன அறிவிப்புகள் பெரிய உதவியாக இருந்தன. 2011 ஜனவரிக்கு அப்புறம் இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் அந்த நோய் யாருக்கும் வரவில்லை.

மலட்டுக் கதைக்கு மதம் கிடையாது என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2018 பிப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. குழம்பில் கட்டியாக ஏதோ கிடந்தது. கருத்தடை மாத்திரை கலந்தாயா என்று சிங்கள வாடிக்கையாளர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். கல்லாவில் இருந்தவர் தமிழ் பேசுகிறவர், சிங்களம் சரியாக வராது. மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, போட்டோம் என்கிற மாதிரி தலையாட்டினார். அந்த வீடியோ பரவி, அன்றிரவே கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதனையில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அப்படிச் சாப்பாட்டில் கலந்து மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை. இங்கே சிறுபான்மையினருக்கு அரசாங்கத்தின் மேல் இருந்த பயம், அங்கே பெரும்பான்மையினருக்குச் சிறுபான்மையினர் மேல் இருந்தது. வயிறு, குழந்தை, சாப்பாடு, ஊசி என்று நம் கண் உள்ளே போய்ப் பார்க்க முடியாத இடங்களில்தான் இந்தக் கதைகள் குடியேறுகின்றன. நமக்கு ஏற்கெனவே யார் மேல் பயமோ, அவரைக் கதையின் வில்லனாக்கிக்கொள்கிறோம்.

தனியார் பள்ளிப் பெற்றோர்கள் கதை வேறு மாதிரி. அவர்களுக்கு வாட்ஸ்அப் மேல் நம்பிக்கை இல்லை. 'நாங்களே ஆராய்ச்சி செய்தோம்' என்பார்கள். ஒரு தகப்பனார் லேப்டாப்பைத் திறந்து, தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற ஆங்கிலக் கட்டுரைகளை வரிசையாகக் காட்டினார். அத்தனைக்கும் வேர், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1998இல் லான்செட் இதழில் எழுதிய, வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் அவர் டாக்டர் பதிவையும் ரத்து செய்தார்கள். இதைச் சொன்னதும், "கம்பெனிக்காரங்க அவரை அமுக்கிட்டாங்க" என்றார். எதிரான ஆதாரமும் சதியின் பகுதியாகிவிடும்போது அங்கே வாதம் வேலை செய்யாது. அப்படிப்பட்டவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "என்ன தெரிஞ்சா சார் நீங்க மனசை மாத்திப்பீங்க?" பதில் இருந்தால் பேசலாம். எதுவும் மாற்றாது என்றால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். நாலு வீடு நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூட வேலையில் ஒரு விஷயம் மிக முக்கியம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஊசி போட்டதும் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடவில்லை, பயம் வேறு. அடுத்த பத்து நிமிஷத்தில் வரிசையில் நின்ற இன்னும் சிலர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஊசியே போடவில்லை! படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அதற்குள் யாரோ வாசலிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த பள்ளியிலிருந்து நான் முதலிலேயே சொல்ல ஆரம்பித்தேன்: சிலருக்கு மயக்கம் வரும், சிலருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வரலாம், வந்தால் இதைச் செய்யுங்கள், என்னைக் கூப்பிடுங்கள் என்று. முன்கூட்டிச் சொன்ன காய்ச்சலைக் கண்டு யாரும் பயப்படவில்லை. 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் வரும் சாதாரணக் காய்ச்சல்தான் வதந்தியாக மாறுகிறது.

2021இல் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். நடிகர் விவேக் ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னாலும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அப்படிச் செய்தார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமாகிவிட்டார். ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பிறகு மத்தியக் குழுவும் ஆராய்ந்து சொன்னது. ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதுக்குக் காரணம் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த வாரம் போன வீடுகளில் விவேக் பெயரை அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே எடுத்தேன். "அவர் போனது எனக்கும் தாங்கலை" என்று தொடங்கினேன். அது நிஜம். துக்கத்தில் இருக்கிறவரிடம் துக்கத்தைப் பேசாமல் புள்ளிவிவரம் பேசக்கூடாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதெல்லாம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பயன்படுகிறது. பெரியப்பா ஒரு செய்தி அனுப்பினால் குழுவில் மறுத்து எழுதமாட்டேன். அத்தனை பேர் முன்னால் பெரிய மனிதர் பின்வாங்கமாட்டார், இன்னும் இறுக்கிப் பிடிப்பார். தனியாகப் போன் போடுவேன். இது யார் அனுப்பினது பெரியப்பா, அவருக்கு யார் அனுப்பினாங்களாம் என்று கேட்பேன். இரண்டு படி பின்னால் போனதும் ஆள் தெரியாமல் போகும். அதைக் குத்திக்காட்டக் கூடாது, அவரே கவனிக்கட்டும். செய்தியை அழிக்கச் சொல்வதும் இல்லை. சிலர் ஒரு வாரம் கழித்து, "அது சரியில்லைன்னு சொல்றாங்கம்மா" என்று எனக்கே புதிதாகச் சொல்வார்கள். அப்படியா என்று கேட்டுக்கொள்வேன். மனம் மாறியவரிடம் 'நான் அன்னைக்கே சொன்னேனே' என்றால், அடுத்த முறை மாறமாட்டார்.

முகாம் முடிந்து, ஊசி வழக்கமான அட்டவணையில் சேர்ந்த பிறகு, அந்தப் பிப்ரவரியில் கதவைச் சாத்திய தாய் ஒருத்தி சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கத் தயங்கி ஓரமாக நின்றாள். "கார்டு கொண்டாந்தியாம்மா? குழந்தைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லையே?" என்று மட்டும் கேட்டேன். ஊசி போட்டு முடித்ததும், பெரியவனையும் நாளைக்குக் கூட்டிவரட்டுமா என்று அவளே கேட்டாள். அடுத்த புதன்கிழமை வரச் சொன்னேன், புதன்தான் தடுப்பூசி நாள்.